எஞ்சின் மாற்றத்திற்குப் பிந்தைய எச்சரிக்கை விளக்குப் பழுதறிதல்

எஞ்சின் மாற்றத்திற்குப் பிந்தைய எச்சரிக்கை விளக்குப் பழுதறிதல் என்பது, ஒரு மகிழுந்தின் எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் பொருத்திய பின்னர், ஓட்டுநரின் முன்பலகையில் உள்ள எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிவதற்கான காரணத்தை முறைப்படி கண்டறியும் செயல் ஆகும். விளக்கு எரிவதைக் கண்டவுடன், புதிதாகப் பொருத்திய எஞ்சினே பழுதானது என முடிவு செய்வது பரவலான பிழையாகும். எஞ்சினை வண்டியுடன் இணைக்கும் மின்கம்பிகள், உணரிகள், காற்றுக் குழாய்கள், கணினியின் நினைவகம் ஆகியவற்றிலேயே காரணம் பெரும்பாலும் காணப்படுகின்றது. ஆகவே எந்த ஒழுங்கில் சோதிப்பது என்பதே இப்பழுதறிதலில் முதன்மையானது. ஒழுங்கின்றிப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, எஞ்சின் மாற்றிய செலவுக்கு மேலும் செலவை ஏற்படுத்துவதோடு, உண்மையான பழுதையும் மறைத்துவிடக் கூடும்.

விளக்கின் பொருள்

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு, எஞ்சினின் உருவரை வடிவில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். பட்டறைகளில் இது செக் எஞ்சின் லைட் என்று அழைக்கப்படுகின்றது. வாகனப் புகையின் நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடிய பழுது ஒன்றை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி பதிவு செய்துள்ளது என்பதே இவ்விளக்கின் பொருள் ஆகும். விளக்கு நான்கு நிலைகளில் காணப்படலாம்.

• சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைதல்: இது இயல்பான நிலை. விளக்கும் அதன் இணைப்பும் நன்றாக உள்ளன என்பதைக் காட்டுகின்றது.
• தொடர்ந்து எரிதல்: ஒரு பழுது உறுதி செய்யப்பட்டு நினைவகத்தில் பதியப்பட்டுள்ளது.
• விட்டு விட்டு எரிதல்: பெட்ரோல் எஞ்சினில் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட உருளைகளில் எரிதல் கடுமையாகத் தவறுகின்றது. எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிவதால் அது மிகையாகச் சூடேறிச் சிதைந்துவிடும். இந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுதல் கூடாது.
• சாவியைத் திருப்பியும் எரியாமை: விளக்கு பழுதாகியுள்ளது, இணைப்பு அறுந்துள்ளது, அல்லது யாரோ விளக்கை அகற்றியுள்ளனர். இதுவும் ஒரு பழுதே ஆகும்.

சிவப்பு நிறத்தில் எரியும் எண்ணெய் அழுத்த விளக்கும் வெப்பநிலை விளக்கும் இதிலிருந்து வேறுபட்டவை. அவை எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

கணினி ஒரு தவறான அளவீட்டை ஒருமுறை கண்டவுடன் விளக்கை எரியச் செய்வதில்லை. பல பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே தவறு தோன்றினால் மட்டுமே விளக்கு எரியும். அதே போன்று, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தவறு தோன்றவில்லையெனில் விளக்கு தானாக அணையும். எனினும் பதிவு உடனே நீங்குவதில்லை. பொதுவாக எஞ்சின் 40 முறை குளிர்ந்து சூடேறிய பின்னரே அது அழிகின்றது. எஞ்சின் மாற்றிய அன்று எரியாத விளக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ எரியத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

வாகனத்தில் உள்ள கணினியே தன் பழுதைக் கண்டறிந்து ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி, காற்று மாசினால் பாதிக்கப்பட்ட அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. அங்கு 1988 மாதிரி ஆண்டு முதல் வாகனங்களில் இவ்வசதி கட்டாயமாக்கப்பட்டது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி இணைப்பானையும் தனிக் குறியீடுகளையும் கொண்டிருந்தது. 1996 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதும் 16 முனைகள் கொண்ட பொது இணைப்பானும் பொதுக் குறியீடுகளும் கட்டாயமாயின. இவ்வமைப்பு ஓ.பி.டி. 2 எனப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் மகிழுந்துகளுக்கு 2001 இலும் டீசல் மகிழுந்துகளுக்கு 2004 இலும் இதனையொத்த விதி நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகள் 2010 ஏப்ரல் 1 அன்று சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. அவற்றோடு தன்பழுதறி அமைப்பின் முதல் கட்டம் அறிமுகமானது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரல் முதல் நடைமுறையாயிற்று. நாடு முழுவதற்கும் பாரத் நிலை 4 விதிகள் 2017 ஏப்ரல் 1 அன்றும், பாரத் நிலை 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 அன்றும் கட்டாயமாயின.

இவ்வேறுபாடு விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் நேரடிப் பயனுடையது. சென்னையில் 2010 முதலே பாரத் நிலை 4 வாகனங்கள் மட்டுமே பதியப்பட்டபோது, பிற மாவட்டங்களில் 2017 மார்ச் வரை பாரத் நிலை 3 வாகனங்களும் விற்கப்பட்டன. ஆகவே ஒரே தோற்றமுடைய இரண்டு மகிழுந்துகளில், ஒன்றில் ஓர் ஆக்சிசன் உணரியும் மற்றொன்றில் இரண்டு ஆக்சிசன் உணரிகளும் இருக்கலாம். சென்னையில் ஓடிய வண்டியின் எஞ்சினை வாங்கி விழுப்புரத்தில் பதிவான வண்டியில் பொருத்தும்போது இவ்வேறுபாடு முதலில் கவனிக்கப்பட வேண்டியதாகும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் எஞ்சின் மாற்றம்

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கி.மீ. இடைவெளியில் அமைந்துள்ள நகரங்கள் ஆகும். புதுச்சேரி, செஞ்சி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் இவ்விரு நகரங்களில் பிரிகின்றன. நெடுந்தொலைவு ஓட்டத்தால் தேய்ந்த எஞ்சின்கள் மாற்றப்படுவது எங்கும் உள்ள வழக்கம். இப்பகுதியில் வெள்ளமும் ஒரு காரணமாகின்றது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாகியது. டிசம்பர் 2 அன்று விழுப்புரத்திற்குத் தெற்கே அரசூர் அருகே வெள்ளம் நெடுஞ்சாலையில் புகுந்ததால் சென்னை - திருச்சி போக்குவரத்து தடைப்பட்டது. இத்தகைய வெள்ளத்தில் மகிழுந்தை ஓட்டும்போதோ, மூழ்கி நின்ற மகிழுந்தின் எஞ்சினை இயக்க முயலும்போதோ, காற்று வடிகட்டி வழியாக நீர் உருளைகளுக்குள் புகக்கூடும். காற்றைப் போல நீரை அமுக்க முடியாது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி நின்றுவிட, பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகின்றது அல்லது முறிந்து எஞ்சின் உடலையே துளைத்துவிடுகின்றது. இவ்வாறு சிதைந்த எஞ்சினைச் செப்பனிடுவதைவிட வேறு எஞ்சின் பொருத்துவது சில வேளைகளில் மலிவானதாக அமைகின்றது.

மாற்று எஞ்சின் மூன்று வழிகளில் கிடைக்கின்றது: உற்பத்தி நிறுவனத்தின் புதிய எஞ்சின், உட்பாகங்கள் புதுப்பிக்கப்பட்ட எஞ்சின், உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து எடுக்கப்பட்ட பழைய எஞ்சின். பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குச் சென்னையின் புதுப்பேட்டை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மூன்றாம் வகையில் எச்சரிக்கை விளக்குச் சிக்கல்கள் மிகுதி. ஏனெனில் அவ்வெஞ்சின் எந்த ஆண்டில், எந்த வகை வண்டியில் இருந்தது என்பது வாங்குபவருக்கு எப்போதும் தெரிவதில்லை.

மாறுவனவும் மாறாதனவும்

எஞ்சின் மாற்றம் என்பது முழு இயங்கமைப்பின் மாற்றம் அன்று. எஞ்சின் உடல், கிராங்க் தண்டு, கேம் தண்டு, பிஸ்டன்கள், வால்வுகள் ஆகியன மாறுகின்றன. கட்டுப்பாட்டுக் கணினி, மின்கம்பிக் கட்டு, எரிபொருள் தொட்டி, அதனுள் உள்ள பம்பு, புகைக்குழாய், வினையூக்கி மாற்றி, முடுக்கி மிதி ஆகியன பழைய வண்டியுடையனவாகவே நிற்கின்றன. உணரிகள், உட்செலுத்திகள், தீப்பொறிச் சுருள்கள், டர்போ ஆகியன சில வேளைகளில் புதிய எஞ்சினுடன் வருகின்றன. சில வேளைகளில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி மாற்றப்படுகின்றன.

கணினி, எஞ்சினை நேரடியாக அறிவதில்லை. பட்டறைகளில் சென்சார் எனப்படும் உணரிகள் அனுப்பும் மின்னழுத்தங்களையே அறிகின்றது. பழைய எஞ்சினுக்கென எழுதப்பட்ட அட்டவணைகளுடன் அவ்வளவுகளை ஒப்பிடுகின்றது. இரண்டும் பொருந்தவில்லையெனில், எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருப்பினும் விளக்கு எரியும்.

இதற்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 கன செ.மீ. மல்ட்டிஜெட் டீசல் எஞ்சின் ஆகும். இது மாருதி சுசுக்கி ஸ்விஃப்ட், டாட்டா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ முதலிய பல மகிழுந்துகளில் வெவ்வேறு பெயர்களில் பொருத்தப்பட்டது. 2007 இல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் இது சுமார் 75 குதிரைத்திறனும், 2011 இல் வந்த எஸ்.எக்ஸ். 4 டீசலில் சுமார் 90 குதிரைத்திறனும் உடையதாக இருந்தது. பின்னதில் காற்றுப் பாதையின் அளவு மாறக்கூடிய டர்போ பயன்படுத்தப்பட்டது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள இவ்விரு எஞ்சின்களையும் டர்போவுடன் சேர்த்து மாற்றிப் பொருத்தினால், கணினி எதிர்பார்க்கும் காற்றழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் வேறுபடும். இங்கு பழுதான பாகம் எதுவும் இல்லை, பொருத்தமின்மையே பழுது.

பழுதுக் குறியீடுகள்

கணினி ஒவ்வொரு பழுதையும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடாகப் பதிகின்றது. எஞ்சின், பற்சக்கரப்பெட்டி ஆகியவற்றுக்கான குறியீடுகள் பவர்டிரெயின் என்னும் சொல்லின் முதலெழுத்தான பி என்பதில் தொடங்கும். அடுத்த இலக்கம் 0 எனில் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. 1 எனில் பொதுவாக அந்நிறுவனத்திற்கே உரியது. அதற்கடுத்த இலக்கம் பகுதியைக் குறிக்கும். 1, 2 ஆகியன காற்று, எரிபொருள் அளவீட்டையும், 3 தீப்பற்றலையும், 4 புகைக் கட்டுப்பாட்டையும், 5 வேகத்தையும் வெற்றோட்டத்தையும், 6 கணினியையும் குறிக்கின்றன.

குறியீடு ஒரு மின்சுற்றையோ நிலையையோ குறிப்பிடுகின்றதேயன்றி, மாற்ற வேண்டிய பாகத்தைக் குறிப்பிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, பி0340 என்பது கேம் தண்டு உணரியின் மின்சுற்றில் குறைபாடு என்று பொருள்படும். உணரி, அதன் செருகி, கம்பி, 5 வோல்ட் வழங்கல், எர்த் இணைப்பு, கேம் தண்டின் பல்வட்டு, கணினி ஆகிய ஏழில் எதுவும் காரணமாக இருக்கலாம். குறியீட்டைக் கண்டவுடன் புதிய உணரி வாங்குபவர், ஏழில் ஒன்றையே சோதித்தவர் ஆவார்.

எஞ்சின் மாற்றத்திற்குப் பின் காணப்படும் சில குறியீடுகளும், அச்சூழலில் முதலில் பார்க்க வேண்டியனவும் பின்வருமாறு:

• பி0335 (கிராங்க் தண்டு உணரிச் சுற்று): செருகி, உணரிக்கும் பல்வட்டுக்கும் உள்ள இடைவெளி, வேறு பல் எண்ணிக்கை கொண்ட பல்வட்டு அல்லது பறப்புச் சக்கரம்.
• பி0016 (கிராங்க், கேம் தண்டுகளின் நிலை பொருந்தாமை): டைமிங் சங்கிலி அல்லது பட்டை ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டிருத்தல்.
• பி0300 முதல் பி0304 வரை (எரிதல் தவறுதல்): தீப்பொறிச் சுருள்களின் அல்லது உட்செலுத்திகளின் செருகிகள் இடம் மாறியிருத்தல், காற்றுக் கசிவு, குறைந்த அமுக்கம்.
• பி0171 (கலவையில் எரிபொருள் குறைவு): உள்ளிழு குழாயில் கேஸ்கெட் கசிவு, பொருத்த மறந்த வெற்றிடக் குழாய், புகைக்குழாய்த் தொடுப்பில் கசிவு.
• பி0113 (உள்ளிழு காற்று வெப்ப உணரியில் மிகை மின்னழுத்தம்), பி0118 (குளிர்நீர் வெப்ப உணரியில் மிகை மின்னழுத்தம்): பெரும்பாலும் செருகப்படாத அல்லது அறுந்த இணைப்பு.
• பி0128 (குளிர்நீர் உரிய வெப்பநிலையை அடையாமை): தெர்மோஸ்டாட் இல்லாமை அல்லது திறந்த நிலையில் சிக்கியிருத்தல்.
• பி0420 (வினையூக்கி மாற்றியின் திறன் குறைவு): முன், பின் ஆக்சிசன் உணரிச் செருகிகள் மாறியிருத்தல், புகைக்குழாய்க் கசிவு, இவை இல்லையெனில் மட்டும் மாற்றி.
• பி0087 (டீசல் பொது வழங்குகுழாயில் குறைந்த அழுத்தம்): எரிபொருள் வழியில் காற்று, அடைபட்ட வடிகட்டி, உட்செலுத்தியிலிருந்து மிகையான மீள்கசிவு.

பழுதறியும் முறை

முதற்படி பதிவு. ஓ.பி.டி. இணைப்பான் பெரும்பாலும் திசைமாற்றிச் சக்கரத்தின் கீழே அமைந்திருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைச் செருகி, உறுதியான குறியீடுகள், நிலுவைக் குறியீடுகள் ஆகிய இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். பழுது தோன்றிய கணத்தில் எஞ்சின் வேகம், வெப்பநிலை, சுமை முதலியன என்னவாக இருந்தன என்பதைக் காட்டும் உறைநிலைப் பதிவையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறியீட்டை அழித்தால் இப்பதிவும் அழிந்துவிடும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இவ்வாறே நேரும்.

இரண்டாம் படி, குறியீடுகளைச் சேர்த்து நோக்குதல். ஒரே ஒரு குறியீடு இருப்பின் அச்சுற்றை மட்டும் ஆராயலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து குறியீடுகள் ஒரே நேரத்தில் தோன்றியிருப்பின், நான்கைந்து பாகங்கள் ஒரே நாளில் பழுதாயின என்று கொள்வது பொருந்தாது. அவற்றுக்குப் பொதுவான ஓர் எர்த் கம்பியோ, உருகியோ, 5 வோல்ட் வழங்கலோ குறைபட்டிருக்க வேண்டும். பல உணரிகள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பகிர்வதால், ஓர் உணரியில் ஏற்படும் குறுக்குச்சுற்று மற்றவற்றையும் செயலிழக்கச் செய்யும். செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் மீண்டும் வருகின்றது என்று பார்த்தால் குற்றமுள்ள உணரி வெளிப்படும்.

மூன்றாம் படி, கை பட்ட இடங்களைச் சோதித்தல். எஞ்சினை இறக்கும்போது கழற்றப்பட்ட ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, மீண்டும் பொருத்தப்பட்டதா என ஒப்பிட வேண்டும். எஞ்சின் உடலிலிருந்து வண்டிச்சட்டத்துக்குச் செல்லும் எர்த் கம்பி மறக்கப்படுவது அல்லது வண்ணப்பூச்சின் மீது முடுக்கப்படுவது உண்டு. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சின் உடலிலும் வைத்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதற்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைத் தூய்மைப்படுத்திய பின்னரே பிற சோதனைகளைத் தொடர வேண்டும்.

நான்காம் படி, உயிரளவுகளைப் படித்தல். ஸ்கேனரில் உணரிகளின் அப்போதைய அளவுகளைக் காணலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை இயக்குமுன் குளிர்நீர் வெப்பநிலை, உள்ளிழு காற்றின் வெப்பநிலை ஆகிய இரண்டும் வெளி வெப்பநிலைக்குச் சில பாகைகளுக்குள் ஒத்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் காலை 27 பாகை செல்சியசு இருக்கும்போது ஓர் உணரி -40 எனக் காட்டினால் அதன் சுற்று திறந்துள்ளது எனலாம். எஞ்சின் ஓடாதபோது உள்ளிழு குழாய் அழுத்த உணரி வளிமண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்திற்கு அருகில் உள்ள இப்பகுதியில் அது சுமார் 100 கிலோபாசுக்கல் ஆகும். பெட்ரோல் எஞ்சின் சூடேறி வெற்றோட்டத்தில் உள்ளபோது இது 30 முதல் 40 வரை இறங்கும். இறங்காவிடில் காற்றுக் கசிவோ, வால்வு நேரப் பிழையோ உள்ளது எனக் கருதலாம். எரிபொருள் திருத்தம் கூட்டல் அல்லது கழித்தல் 10 விழுக்காட்டுக்குள் இருத்தல் நன்று.

ஐந்தாம் படி, இயந்திரச் சோதனை. மேற்கூறியன யாவும் சரியாக இருந்தும் குறியீடு மீண்டும் தோன்றினால் மட்டுமே உருளைகளின் அமுக்க அளவு, டைமிங் குறிகள் ஆகியவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். பி0016 போன்ற நிலைக் குறியீடு இதற்கு விதிவிலக்காகும். ஒரு பல் தள்ளி ஓடும் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதும் வாய்ப்பு இருப்பதால், அக்குறியீடு தோன்றின் எஞ்சினை மேலும் ஓட்டாமல் டைமிங் குறிகளை முதலிலேயே சரிபார்க்க வேண்டும்.

ஆறாம் படி, கற்பித்தல். சில வண்டிகளில் புதிய எஞ்சினின் பண்புகளை ஸ்கேனர் வழியாகக் கணினிக்குக் கற்பிக்க வேண்டியுள்ளது. த்ராட்டில் உடலின் வெற்றோட்ட நிலை, கிராங்க் தண்டுப் பல்வட்டின் நுண்வேறுபாடு ஆகியன அத்தகையவை. டீசல் உட்செலுத்திகள் பலவற்றின் மேல், அந்த ஒரு உட்செலுத்தியின் அளவு வேறுபாட்டைக் குறிக்கும் எண்ணெழுத்துத் தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். உட்செலுத்திகள் மாறினால் அத்தொடர்களை உருளை வரிசைப்படி கணினியில் பதிய வேண்டும். பதியாவிடில் எஞ்சின் அதிர்ந்து ஓடுவதோடு புகையும் மிகும். மலிவு விலை புளூடூத் கருவிகள் குறியீட்டைப் படிக்கப் போதுமானவை எனினும், இத்தகைய கற்பித்தலுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

வெள்ளத்தில் நனைந்த வண்டிகள்

வெள்ளத்தால் எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. எஞ்சின் புதியது, ஆனால் நீரில் மூழ்கிய மின்கம்பிக் கட்டும், செருகிகளும், சில வேளைகளில் கணினியும் பழையனவே. செருகிகளுக்குள் தங்கிய சேற்று நீர் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றது. களிம்பு மெல்ல வளர்வதால், எஞ்சின் மாற்றிய உடனே தோன்றாத பழுது ஓரிரு மாதங்களுக்குப் பின் தோன்றக்கூடும். மழை நாட்களில் தோன்றி வெயிலில் மறையும் குறியீடு இதற்கு அடையாளம் ஆகும்.

இத்தகைய வண்டிகளில் எஞ்சின் இறக்கப்பட்டிருக்கும்போதே எல்லாச் செருகிகளையும் திறந்து, மின்தொடுப்புத் தூய்மைப்படுத்தியால் கழுவி உலர்த்துவது சிறந்தது. காற்றளவு உணரி, ஆக்சிசன் உணரிகளின் செருகிகள், உருகிப் பெட்டியின் அடிப்பகுதி, இருக்கைகளின் கீழ்ச் செல்லும் கம்பிகள் ஆகியன தவறாமல் பார்க்கப்பட வேண்டும். புகைக்குழாயில் நீர் புகுந்திருந்தால் வினையூக்கி மாற்றியின் பீங்கான் உட்பகுதி சேற்றால் அடைபட்டிருக்கலாம்.

சரிபார்ப்பு ஓட்டம்

பழுது நீக்கப்பட்டு, குறியீடு அழிக்கப்பட்டவுடன் வேலை முடிவடைவதில்லை. அழித்தவுடன் கணினியின் தற்சோதனைகள் யாவும் நிறைவுறாதவை என்னும் நிலைக்குத் திரும்புகின்றன. குளிர்ந்த நிலையில் தொடங்குதல், சில நிமிட வெற்றோட்டம், நகருக்குள் நின்று செல்லும் ஓட்டம், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டம், மிதியிலிருந்து காலை எடுத்து வேகம் தானே குறைய விடுதல் ஆகியன அனைத்தும் அடங்கிய ஓட்டத்திலேயே அவை நிறைவுறும்.

திண்டிவனம் நகரிலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரை செல்லும் நான்கு வழிச்சாலை இதற்கு ஏற்றதாகும். இருமுனைகளிலும் நகர நெரிசலும், இடையில் சீரான வேகத்திற்கு இடமும் உள்ளன. காலையில் குளிர்ந்த எஞ்சினுடன் புறப்பட்டு, மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் கால் மணி நேரமேனும் சீராக ஓட்டி, விழுப்புரத்தில் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மீண்டும் திண்டிவனம் திரும்பினால் இரண்டு ஓட்டங்கள் நிறைவடையும். பின்னர் ஸ்கேனரில் தற்சோதனைகள் நிறைவுற்றனவா, நிலுவைக் குறியீடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சோதனைகள் நிறைவுற்றும் குறியீடு இல்லையெனில் பழுது நீங்கியது எனக் கொள்ளலாம். விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது.

தவிர்க்க வேண்டிய வழக்கங்கள்

• விளக்கை அகற்றுதல் அல்லது மறைத்தல்: பின்னர் தோன்றும் கடும் பழுதும் தெரியாமற் போகும்.
• காரணம் அறியாமல் குறியீட்டை மீண்டும் மீண்டும் அழித்தல்: உறைநிலைப் பதிவு இழக்கப்படும்.
• தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுதல்: வெப்ப நாட்டில் எஞ்சின் சூடாகாதிருக்கும் என்னும் எண்ணத்தில் சில பட்டறைகளில் இவ்வாறு செய்யப்படுகின்றது. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாததால் கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்துகின்றது. எரிபொருட் செலவும் தேய்மானமும் மிகும்.
• பொருந்தாத சிலிக்கான் பசையை மிகுதியாகப் பூசுதல்: அதன் ஆவி ஆக்சிசன் உணரியைக் கெடுக்கும். உணரிக்குத் தீங்கற்றது எனக் குறிக்கப்பட்ட பசையையே பயன்படுத்த வேண்டும்.
• பழைய எஞ்சினின் உணரிகளைக் களைந்துவிடுதல்: சோதனை முடியும் வரை அவற்றைப் பாதுகாத்தால், நன்கு இயங்கிய பழைய உணரியை மாற்றிப் பொருத்திச் செலவின்றி ஒப்பிடலாம்.

சட்டமும் காப்பீடும்

எஞ்சின் எண், வாகனப் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரங்களுள் ஒன்றாகும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, முன் ஒப்புதலின்றி எஞ்சின் மாற்றப்பட்டிருப்பின், 14 நாட்களுக்குள் உரிமையாளர் தாம் வசிக்கும் பகுதியின் பதிவு அலுவலரிடம் அதனைத் தெரிவித்துச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வேண்டும். விழுப்புரம் வாகனங்களின் பதிவு எண்கள் டி.என். 32 எனவும், திண்டிவனம் வாகனங்களின் பதிவு எண்கள் டி.என். 16 எனவும் தொடங்குகின்றன. பழைய எஞ்சின் வாங்குவோர், அது எடுக்கப்பட்ட வண்டியின் ஆவணங்களையும் விற்பனைச் சீட்டையும் பெற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது. திருத்தப்படாத எஞ்சின் எண், வண்டியை விற்கும்போதும் காப்பீடு கோரும்போதும் இடர் விளைவிக்கும்.

மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான வழக்கமான சோதனை, புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயுக்களையோ புகையின் அடர்த்தியையோ அளப்பதாகும். அச்சான்றிதழ் பெற்றிருப்பது விளக்கின் காரணம் நீங்கிவிட்டதற்குச் சான்று ஆகாது.

வெள்ளச் சேதம் விரிவான காப்பீட்டில் பொதுவாக அடங்கும். ஆயினும் நீர் புகுந்த எஞ்சினை இயக்க முயன்றதால் ஏற்பட்ட சேதம் விளைவுச் சேதம் எனக் கருதப்பட்டு, எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு இல்லாத நிலையில் மறுக்கப்படுவதுண்டு. ஆகவே மூழ்கி நின்ற வண்டியின் சாவியைத் திருப்பாமல், மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டி மூலம் பட்டறைக்குக் கொண்டு செல்வதே எஞ்சினுக்கும் காப்பீட்டுக்கும் பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

• உள் எரி பொறி
• வினையூக்கி மாற்றி
• ஆக்சிசன் உணரி
• பாரத் நிலை மாசு விதிகள்
• விழுப்புரம் மாவட்டம்